அடித்தல் திருத்தல் இல்லை

ஏட்டு வெள்ளியங்கிரி 'ஸ்டெப்னி ஒன்று' என்று எழுதி முடிப்பதற்குள் ஓர் ஆள் ஆற்றுக்குப் போய்க் குளித்துவிட்டே வந்துவிடலாம் போலிருந்தது அறவாழிக்கு. முதலில் 'ஸ்' போட்டார் ஏட்டு. பேனாவைத் தூக்கி, திறந்து கிடந்த டிக்கியைப் பார்த்தார், அதற்குள் டயர் எழுந்து நடந்து போயிருக்குமோ என்பதுபோல. 'டெ' போட்டார். மறுபடி பார்த்தார். கடைசி எழுத்துக்கு இரண்டு சுழியா மூன்று சுழியா என்று ஒரு கணம் பேனா காற்றில் நின்றது. மூன்று சுழி போட்டார். போடுவார், தெரியும். ஸ்டெப்ணி. எதிர்ப்பக்கம் நின்று தலைகீழாகவே எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருந்தார் அறவாழி. நாளிதழ் ஒன்றில் முப்பத்தாறு வருஷமாகப் பிழை திருத்துபவராக இருப்பவர், ஈய எழுத்தை இடம் வலமாகக் கோத்துக்கொண்டிருந்த காலத்திலேயே வேலைக்குச் சேர்ந்தவர், அவருக்குத் தலைகீழெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. வரிசை எண் மூன்று வரைக்கும் வந்திருந்தது, அதற்குள் பிழை நான்கு. மணி பத்தேமுக்கால். பன்னிரண்டு மணிக்குள் காவிரியில் கரைக்க வேண்டிய அப்பா, வாயில் சிவப்புத் துணி கட்டிய மண்பானையில், காரின் பின் இருக்கையில் பெல்ட் போட்டபடி உட்கார்ந்திருந்தார். சக்கரம் போன பைக்குகளும், கண்ணாடி இல்லாத ஆட்டோ ஒன்றும், அதன் வயிற்றுக்குள் புகுந்து மேலே வந்த கோவைக்கொடியும் இருந்த மேலத்துறை காவல் நிலையத்து வளாகத்தில், இழுவை வண்டி இப்போதுதான் இறக்கிவிட்டுப் போயிருந்த அந்த வெள்ளைக் காரைச் சுற்றி ஏட்டு ஒருமுறை நடந்தார், பிரதட்சணம் செய்வதுபோல. வந்ததும் வராததுமாக ஏட்டு விதியைச் சொல்லிவிட்டார். "பாருங்க சார், ஆர்.சி. புக்கு இல்ல, இன்சூரன்சும் போன மாசத்தோட முடிஞ்சிருக்குது. வண்டி இங்கதான் நிக்குமுங்க. உள்ள இருக்கற சாமானத்தப் பூரா லிஸ்ட்டு எடுத்து எஸ்.ஐ. அய்யாவுக்கு போட்டோ புடிச்சு அனுப்புவனுங்க. அவரு சரின்னா துணிமணி, சாமி சாமான் எல்லாம் இப்பவே எடுத்துட்டுப் போயிரலாம். நக, பணம், சொத்து கித்து இருந்தா மட்டும் அவரு நேர்ல வந்துதான் குடுக்கோணும்." பத்து நிமிஷ வேலை என்று நினைத்தார் அறவாழி. சாம்பலுக்கு யார் நேரில் வரப்போகிறார்கள்? ஏட்டு பேனா மூடியைக் கழற்றியதும்தான் பத்து நிமிஷத்தில் 'பத்து' என்று எழுதுவதே இந்த ஆளுக்குக் கஷ்டம் என்று புரிந்தது.

எல்லாம் அந்தப் பலகையால் வந்தது. பேருந்து நிலைய முக்கில் நட்டிருந்த பலகை. 'இங்கு வாகணங்கள் நிறுத்தக் கூடாது.' வாகணங்கள்! வாகனத்துக்கு மூன்று சுழி போடுகிற ஒரு நகராட்சி தனக்கு உத்தரவு போடுவதா என்று அதன் நெற்றிக்கு நேராகவே காரை நிறுத்திவிட்டு இறங்கினார். உண்மையைச் சொன்னால் அவருக்கு அதில் ஒரு சின்ன சந்தோஷம்கூட இருந்தது. இறங்கியது பத்திரிகை வாங்க. நேற்று தொலைபேசியில் எழுத்தெழுத்தாகச் சொல்லிக் கொடுத்த அஞ்சலி விளம்பரம் இன்று வந்திருக்க வேண்டும், அதில் ஆபீஸின் அந்தப் புதுப் பையன்கள் எதையாவது கோட்டை விட்டிருப்பார்கள், நிச்சயம் விட்டிருப்பார்கள். ஆறாம் பக்கம், கீழ்மூலை. மஞ்சள் மண்டி நாச்சிமுத்து அவர்கள் இயற்கை எய்தினார். ஒருமுறை படித்தார், பிழை இல்லை. இரண்டாம்முறை ஒற்றுகளை மட்டும் பார்த்தார். 'துயரத்தில் பங்குகொள்ளும்' என்பதைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள், சரிதான். மூன்றாம்முறை நிறுத்தக்குறிகள். ஒன்றுமே அகப்படாதது ஏமாற்றமாகக்கூட இருந்தது. அப்பாவின் முகம் தபால்தலை அளவில் அச்சாகியிருந்ததை அவர் பார்த்தாரா என்று கேட்டால் சொல்லத் தெரியாது, படத்தில் பிழை பார்ப்பது அவர் வேலை இல்லை. பத்திரிகையை மடித்துக்கொண்டு திரும்பினால் காரின் மூக்கு வானத்தைப் பார்த்தபடி தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. ஓடினார். ஐம்பத்தெட்டு வயதில், மொட்டையடித்த தலையோடு, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, 'டேய், டேய், அப்பா' என்று கத்திக்கொண்டு. யாரோ சிரித்தார்கள். அதை நினைக்கும்போது இப்போதும் காது சுட்டது, அப்பா என்று ஏன் கத்தினோம், வண்டி என்று அல்லவா கத்தியிருக்க வேண்டும்.

"நாலு. குடை ஒண்ணு. கருப்பு." குடையை விரித்துப் பார்த்தார் ஏட்டு. "கம்பி ஒண்ணு ஒடஞ்சிருக்குதுங்க. எழுதிக்கட்டுமா?" எழுதிக்கொள், தாராளமாக எழுதிக்கொள், குடைக்கு ஜாதகம் இருந்தால் அதையும் எழுதிக்கொள் என்று மனசுக்குள் சொன்னார் அறவாழி. வாய் "எழுதுங்க" என்று மட்டும் சொன்னது. கறுப்புக்கு வல்லின றகரம் போடுவாரா என்று பார்த்தார். இடையின ரகரம்தான் வந்தது. அதைப் பிழை என்று சொல்ல முடியாது, இரண்டுமே வழக்கில் உண்டு, ஆனால் அறவாழியின் மேஜையைத் தாண்டி அந்தக் கருப்பு போனதே இல்லை. சாட்சிக்கு வாசலில் தேங்காய் விற்கிறவரைக் கூப்பிட்டு நிறுத்தியிருந்தார்கள். அந்த ஆள் காரையும் பார்க்கவில்லை, பட்டியலையும் பார்க்கவில்லை, தன் கடையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வருஷத்தில் எத்தனை கார்களுக்கு இவர் கண்கண்ட சாட்சியோ. ஐந்து, தண்ணீர் பாட்டில். ஆறு, வெள்ளி போன்ற உலோகத்தாலான குங்குமச் சிமிழ். போன்ற! அது வெள்ளிதான், தங்கை சம்பூர்ணத்தின் கல்யாணச் சிமிழ், முப்பது வருஷமாக வெள்ளி. கேட்டால் "நாங்க ஆசாரி இல்லீங்களே சார், வெள்ளின்னு எழுதிப்போட்டு நாளைக்கு ஈயம்னு ஆச்சுன்னா என் தலதான் உருளும், போன்றன்னு போட்டா ஆருக்கும் வம்பில்ல" என்றார் ஏட்டு, ரொம்பப் பெருமையாக, மொழிக்கே ஒரு பூட்டு கண்டுபிடித்துவிட்டவர்போல. இந்த ஆள் பெண்டாட்டியை மனைவி போன்ற பெண் என்றுதான் சொல்வார். சிரிப்பு வந்தது. பின் இருக்கையில் பானை இருந்தது, சிரிப்பு பாதியில் நின்றது. வெயில் நேராகக் கண்ணாடியில் விழுந்து பானையின் ஒரு பக்கம் பளபளத்தது. கதவைத் திறந்தாவது வைக்கலாம், உள்ளே புழுங்கும். யாருக்குப் புழுங்கும்? பகுத்தறிவோடு யோசித்தால் கால்சியமும் கரியும், அவ்வளவுதான். கதவைத் திறந்து வைத்தார்.

சட்டைப் பையில் செல்பேசி அதிர்ந்தது. சம்பூர்ணம், தங்கை, படித்துறையில் பத்துப் பதினைந்து சொந்தக்காரர்களோடு நிற்கிறாள். "ஏனுங்கண்ணா, எங்க இருக்கறீங்க? அய்யரு வந்து உக்காந்துட்டாரு. அவுரு பன்னெண்டுக்கு மேல நிக்கமாட்டேங்கறாரு, வேற ஊட்டுக்குப் போகோணுமாம்." வந்துகொண்டே இருக்கிறேன், நெரிசல் என்றார். "அப்பாவ மடியில வெச்சிருக்கறீங்களா? சீட்டுல வெச்சா ஆடிப்போயிருமுங்கண்ணா." ஆடாது, பெல்ட் போட்டிருக்கிறது என்றார். அவள் சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை, மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது, வைத்துவிட்டாள். சொல்லியிருக்கலாம். தங்கை மாப்பிள்ளை கந்தசாமி இந்த ஊரில் நான்கு பேரைத் தெரிந்தவர், ஒரு போன் போட்டால் வேலை முடியும். ஆனால் அந்தக் கந்தசாமியிடம் போய், காரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் மாப்பிள்ளை என்று நிற்பதா? 'பேப்பரு படிக்க எறங்குனீங்களா மச்சான்?' என்று கேட்பார். கேட்டுவிட்டு அந்தப் பல்லைக் காட்டுவார். வேண்டாம். பதினோரு மணிதான் ஆகிறது. இருக்கிற வரைக்கும் அப்பாவுக்கு மருந்து வாங்கிக் கொடுத்தது, மூத்திரத் துணி மாற்றியது, ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்தது எல்லாம் கந்தசாமியும் சம்பூர்ணமும்தான். அதை யாரும் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டாமலிருப்பதிலேயே ஒரு திமிர் இருந்தது. தலைமகன் என்று கொள்ளியும் பானையும் மட்டும் இவர் கைக்கு வந்தது, கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட மட்டும் வருகிற பொறுப்பாசிரியரைப்போல.

ஏழு, வேட்டி துண்டு ஒரு செட். எட்டு, பால் பாக்கெட் இரண்டு. 'பாக்கெட்'டுக்குக் கடைசியில் ற் போட்டு பாக்கெற் என்று எழுதுவார்களே யாழ்ப்பாணத்தில், அதற்காவது ஒரு மரபு இருக்கிறது, இந்த ஆள் 'பாக்கட்' என்று போட்டு விட்டுப்போன கொம்பை நடுவில் நுழைக்கப்போய் ஒரு ட-வையும் கூட்டி 'பாக்கெடட்' ஆக்கிவைத்திருக்கிறார். எழுத்தைப் பார்த்தால் எழுதுகிறவனின் குளியலறையே தெரியும் அறவாழிக்கு. கோணல் எழுத்து, வரி கீழே சரிகிறது, பேனாவை உழுகிற மாதிரி அழுத்துகிற கை. அப்பாவின் எழுத்தும் இப்படித்தான். மஞ்சள் மண்டியில் சாக்குத் தைக்கிற கை, கோணி ஊசி பிடித்துப் பழகிய கை. சென்னையில் பயிற்சியில் சேர்ந்த முதல் மாசம் இன்லேண்டு கடிதம் வந்தது. அன்புல்ல தர்மலிங்கத்திர்க்கு அப்பா எலுதுவது, நலம் நலமரிய ஆவல். அறைத் தோழன் எட்டிப் பார்த்தான், 'உங்கப்பா எழுதினதா?' என்றான். அவ்வளவுதான் கேட்டான். இருபத்திரண்டு வயசு உடம்பு முழுக்கக் கூசியது. சிவப்பு மை ஊற்றி, ஒவ்வொரு பிழையையும் வட்டமிட்டு, ஓரத்தில் திருத்தக் குறி போட்டு, அடியில் 'பிழை 17, கவனம் தேவை' என்று எழுதி, அதே கடிதத்தை உறையில் போட்டுத் திருப்பி அனுப்பினார். கோபத்தில் செய்தது. அடுத்த மாசம் அடுத்த கடிதம் வந்தது. கடைசி வரியில், இந்த தடவ கம்மியா வரும்னு நெனைக்கிரேன். எண்ணினார், 14. திருப்பி அனுப்பினார். பிறகு 15. பிறகு 11. பிறகு ஒன்பது. ஒன்பது வந்தபோது கொஞ்சம் எரிச்சலாக இருந்தது, நிம்மதியாகக் கேவலமாக நினைப்பதற்கு ஓர் அப்பா வேண்டியிருந்தது, அந்த ஆள் முன்னேறிக்கொண்டிருந்தார். அந்த வருஷம்தான் இவர் பெயரை மாற்றிக்கொண்டார். தர்மம் வடமொழி, லிங்கமும் வடமொழி, அறவாழி. அரசிதழில் வந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த கடிதத்தில் அப்பா வழக்கம்போல தர்மலிங்கத்துக்கு என்று எழுதியிருந்தார், 'க்கு' சரியாக வந்திருந்தது, ர்க்கு இல்லை, கற்றுக்கொண்டிருந்தார். அறவாழி அந்தப் பெயரைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டு, பக்கத்தில் சரியான பெயரை எழுதி அனுப்பினார். பிறகு கடிதம் வரவில்லை. அது ஒன்றும் பெரிய விஷயமில்லை, ஊருக்குள் போன் வந்துவிட்டது, யார் கடிதம் எழுதினார்கள். யாருமே எழுதவில்லை. பெரிய விஷயமே இல்லை.

"சார், இது?" ஏட்டு பின் கதவுக்குள் தலையை விட்டிருந்தார். பதின்மூன்று வரை முடிந்திருந்தது, பிழை பத்தொன்பது, மணி பதினொன்று இருபது. "பானையில என்னங்க சார்?" அஸ்தி, என்றார் அறவாழி. ஏட்டு தலையை வெளியே எடுத்தார். தொப்பியைக் கழற்றி ஆட்டோவின் மேல் வைத்தார். பிறகு, நம்பவே முடியவில்லை, காலில் இருந்த பூட்ஸைக் கழற்றினார், உறையையும் உருவினார். "ஆருங்க?" அப்பா. "எத்தன வயசுங்க?" எண்பத்து நான்கு. "நல்ல சாவுங்க" என்று சொல்லிக்கொண்டே பெல்ட்டை அவிழ்த்து, இரண்டு கையாலும் பானையை எடுத்து, தரையில் வைக்காமல், சுற்றிலும் பார்த்து, தான் எழுத உட்கார்ந்திருந்த நாற்காலியைப் புங்கமர நிழலுக்கு இழுத்துவரச் சொல்லி, அதன்மேல் வைத்தார். கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தேங்காய்க்கடைக்காரரும் அப்போதுதான் முதல்முறையாகத் திரும்பிப் பார்த்துக் கும்பிட்டார். அறவாழிக்கு எரிந்தது. ஊர் பேர் தெரியாத சாம்பலுக்கு முன்னால் செருப்பைக் கழற்றுகிற ஜனம், கால்காசுக்கு யோசனை இல்லாமல் கண்டதற்கும் கும்பிடு போடுகிற ஜனம். தான் மூன்று நாளில் ஒருமுறைகூட அந்தப் பானையைக் கும்பிடவில்லை என்பது கொள்கை, அதில் யாரும் குறை சொல்ல முடியாது. ஏட்டு இப்போது நின்றுகொண்டே, காரின் கூரைமேல் தாளை வைத்து எழுதினார். பதினான்கு. மண்பானை ஒன்று, சிவப்புத் துணியால் வாய் கட்டியது. உள்ளே இருப்பது. பேனா நின்றது. அ போட்டார். சரி. அதன் அடியில், நிதானமாக, ஏதோ சாமிக்கு மாலை சாத்துகிற மரியாதையோடு, ஒரு சுழியைச் சேர்த்து இழுத்தார். ஆஸ்தி.

ஆஸ்தி. அறவாழிக்கு முப்பத்தாறு வருஷத்தில் இப்படி ஒன்று அகப்பட்டதில்லை. நாக்கின் நுனி வரைக்கும் வந்துவிட்டது, 'ஏட்டய்யா, குறில், குறில்' என்று. கைகூட லேசாக எழுந்தது. வாயை மூடிக்கொண்டார். ஏன் சொல்ல வேண்டும்? சம்பளமா தருகிறார்கள்? வீட்டு அலமாரியில் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று இருக்கிறது, பிழைக் களஞ்சியம் என்று பெயர் வைத்திருக்கிறார், வாழ்நாளில் கண்ட அருமையான பிழைகளெல்லாம் தேதியோடு அதில் உண்டு. அமைச்சர் அடிக்கல் நாட்டினார் என்பது அமைச்சர் அடிக்கள் நாட்டினார் என்று வந்தது, குடமுழுக்கு குடமுழக்கானது. இது எல்லாவற்றுக்கும் மேலே. அஸ்தி ஆஸ்தியானது. எலும்புச் சாம்பல் ஒரு சுழியில் சொத்தாகிவிட்டது. மூன்று தலைமுறையாகச் சொத்து என்று ஓர் ஓட்டு வீடுகூட இல்லாத நாச்சிமுத்துக்கு ஒரு பானை ஆஸ்தி, அதுவும் அரசாங்கமே எழுதித் தந்திருக்கிறது. தேநீர் வேளையில் இதை எப்படித் தொடங்குவது என்றுகூட மனசு ஒத்திகை பார்த்தது, முதலில் அந்தப் பலகையிலிருந்து தொடங்க வேண்டும், வாகணங்களிலிருந்து. பையன்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரிக்கிறவர்களுக்கு நடுவில், ஏனோ தெரியவில்லை, நேற்று சாவு வீட்டில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த மண்டிக் கிழவர் எடைக்காரர் பொங்கியண்ணன் வந்தார். "உங்கொப்பன் செவப்புல எழுதுன காயிதத்த மடிச்சு இடுப்புலயே வெச்சிருப்பாப்பல. பாருங்கடா, எம்பையன் பேப்பர்ல தப்பு பாக்கற உத்தியோகம், ஊருக்கே திருத்தறவன் எனக்கும் திருத்தி அனுப்பிருக்கறான்னு காட்டாத ஆளில்ல. சாயந்தரமானா மூட்ட மேல உக்காந்து பத்துத் தடவ எழுதிப் பாப்பாப்பல." அதைக் கேட்டபோது அறவாழிக்கு வந்தது அழுகை இல்லை, அருவருப்புதான். தன்னை அவமானப்படுத்தினதுகூடத் தெரியாத மனுஷன், அதைப் பெருமை என்று இடுப்பில் சுமந்தவன். ஒரு நாள்கூட உறைக்கவில்லையா? "சார், கையெழுத்து" என்றார் ஏட்டு. பட்டியலின் அடியில், அச்சடித்ததுபோல, எத்தனையோ தடவை எழுதிப் பழகிய கையால் பிழையே இல்லாமல் எழுதியிருந்தார்: மேற்கண்ட பட்டியலைப் படித்துப் பார்த்தேன், சரியாக உள்ளது. அடித்தல் திருத்தல் இல்லை. அறவாழி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு அதன் கீழே நா. அறவாழி என்று அழகாகக் கையெழுத்துப் போட்டார். சாட்சியும் போட்டார். ஏட்டு செல்பேசியைத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, படம் எடுத்து அனுப்பினார்.

மணி பதினொன்று முப்பத்தெட்டு. ஆற்றுக்கு ஆட்டோவில் ஏழு நிமிஷம். பானையை எடுத்துக்கொள்ளலாம் என்று அவர் ஓரடி வைத்தபோது ஏட்டின் செல்பேசி கிணுகிணுத்தது. எஸ்.ஐ. பேசிப் பதிவாக அனுப்பியிருந்தார், பின்னால் கொட்டுச் சத்தம், மந்திரி வருகைக்குப் பந்தோபஸ்து. ஏட்டு அதைச் சத்தமாகவே போட்டார். "யோவ் வெள்ளியங்கிரி, அதென்னய்யா பதினாலாம் நம்பரு, பானைக்குள்ள ஆஸ்தியா? நகையா, காசா, என்ன எழவுன்னு எழுதறதில்லையா? நான் வராம அதப் பிரிக்கப்படாது. வாயக் கட்டி அரக்கு சீல் வெச்சு உள் ரூம்ல பூட்டு. மத்தத குடுத்து அனுப்பு. நாளான்னிக்கு வந்து பாக்கறேன். இனி போன் பண்ணாத, வண்டி வந்துருச்சு." ஏட்டு இரண்டாம்முறை போட்டுக் கேட்டார். தாளை எடுத்து, விரலை வைத்து, பதினான்காம் வரியை எழுத்துக் கூட்டிப் படித்தார். அவர் முகம் மாறுவதை அறவாழி பார்த்தார். பிழை கண்டுபிடிக்கப்படும்போது முகம் எப்படி மாறும் என்று பார்ப்பதுதான் இத்தனை வருஷமும் அவருக்குப் பிடித்த காட்சி. இன்றைக்கு அதிலிருந்து கண்ணை எடுத்துச் செல்பேசியைக் காட்டினார். கூப்பிடுங்க, கூப்பிட்டுச் சொல்லுங்க என்றார். ஏட்டு கூப்பிட்டார். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடி. மறுபடி. "மந்திரி போற வரைக்கும் தொறக்கமாட்டாருங்க."

"திருத்துங்க" என்றார் அறவாழி. குரல் கீச்சென்று வந்தது. "ஒரு சுழிதானே, அடிச்சுட்டு எழுதுங்க, நான் பக்கத்திலேயே கையெழுத்துப் போடறேன்." ஏட்டு தலையாட்டினார். "அடித்தல் திருத்தல் இல்லைன்னு எழுதி நீங்க, நானு, சாட்சி மூணு பேரும் போட்டாச்சுங்களே. போட்டோ வேற போயிருச்சு. இப்ப நான் அதுல கை வெச்சா, பானையில என்னமோ இருந்துது, ஏட்டு மாத்தி எழுதி எடுத்துப்புட்டான்னு ஆயிருமுங்க. போன வருஷம் ஒரு கார்ல மூக்குக்கண்ணாடி காணோம்னு எனக்கு மெமோ குடுத்தாங்க சார். வெறும் மூக்குக்கண்ணாடி. இன்னும் ஓடிட்டிருக்குது." தேங்காய்க்கடைக்காரரைப் பார்த்தார் அறவாழி. அவர் கடையைப் பார்த்தார். பிரித்துக் காட்டுகிறேன், இப்போதே பிரிக்கிறேன், சாம்பல்தான் என்று பாருங்கள் என்றார். "பிரிக்கப்படாதுன்னு சொல்லீட்டாருங்களே." கும்பிட்டார். அறவாழி கும்பிட்டார், வெள்ளியங்கிரியை, இரண்டு கையையும் சேர்த்து, வேர்வை வழிய. ஏட்டு பதறி அந்தக் கைகளைப் பிடித்து இறக்கினார். பிடித்த கை சொரசொரவென்று இருந்தது. "எனக்கு மட்டும் மனசில்லீங்களா சார்? நான் ஆறாவதோட நின்னவனுங்க. குறில் நெடில் எனக்குத் தகராறு, ஸ்டேஷன்ல எல்லாருக்கும் தெரியும். அதனாலதான் படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்கன்னு குடுத்தேன். என்ன உத்தியோகம் சார் உங்களுக்கு?" அறவாழி வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார். "படிச்சவராட்டத் தெரியறீங்க. பாக்கலியா?" பார்க்கவில்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஏட்டே அதைத்தான் எதிர்பார்த்தார், தலையை ஆட்டிவிட்டு அவரும் தப்பித்திருப்பார், இவரும் தப்பித்திருப்பார். "பார்த்தேன்" என்று வந்துவிட்டது வாயில். ஏட்டு கோபப்படுவார் என்று அறவாழி காத்திருந்தார், கோபப்பட்டால் பதிலுக்குப் பேச ஏதாவது கிடைக்கும். "சொல்லியிருந்தா மாத்தியிருப்பனே சார்" என்றார் ஏட்டு, அவ்வளவுதான், குனிந்து அரக்குக் கட்டியைத் தேடப் போனார்.

சம்பூர்ணம் மறுபடி கூப்பிட்டாள். பன்னிரண்டுக்கு ஏழு நிமிஷம். "அண்ணா, அப்பா எங்கண்ணா?" நெரிசல் என்று சொல்ல வாயைத் திறந்தார். "போலீஸ் ஸ்டேஷன்ல" என்றார். "நான்தான் விட்டுட்டேன் சம்பூர்ணம்." அந்தப் பக்கம் ஆற்றுச் சத்தம் கேட்டது, யாரோ என்ன என்ன என்று கேட்பது கேட்டது. அவள் திட்டியிருக்கலாம். ஏட்டு மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். "சார், செத்த வந்து கழுத்தப் புடிச்சுக்குங்க, வேற ஆரும் தொடமாட்டேங்கறாங்க." பானையின் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்தார் அறவாழி. வெயிலில் கிடந்த சூடு இன்னும் இருந்தது, காய்ச்சல்காரன் நெற்றியின் சூடு. ஆஸ்பத்திரியில் ஒருமுறை தொட்டுப் பார்க்கச் சொன்னாள் சம்பூர்ணம், இவர் கதவருகிலேயே நின்று காய்ச்சல் இருக்கா என்று கேட்டார். ஏட்டு சணல் கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டார், அரக்கை உருக்கிச் சொட்டினார், முத்திரையை அழுத்தினார். பிறகு ஒரு சின்ன அட்டைத் துண்டையும் பேனாவையும் நீட்டினார். "இதுல விவரம் எழுதிக் கட்டோணும். நீங்களே எழுதிருங்க சார், என் கையில மறுபடியும் தப்பு வந்துரும். ஆனா லிஸ்ட்டுல இருக்கறதும் இதுல இருக்கறதும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கோணும். மாறிச்சுன்னா நாளான்னிக்கும் குடுக்கமாட்டாங்க." அறவாழி அட்டையைத் தொடைமேல் வைத்தார். வரிசை எண் 14 என்று எழுதினார். மண்பானை ஒன்று, சிவப்புத் துணியால் வாய் கட்டியது, உள்ளே இருப்பது என்று எழுதினார். அ எழுதினார். கை நின்றது, ஆயுசில் முதல்முறையாக, தெரிந்தே ஒரு பிழையின் முன்னால் நின்றது. அடியில் சுழியைச் சேர்த்து இழுத்தார். ஆஸ்தி. அவருக்கும் இந்த உலகத்தில் சொத்து என்று இருந்தது அதற்குள் இருந்த ஒரே ஆள்தான், பத்துத் தடவை எழுதிப் பார்த்து ஒன்பது பிழைக்குக் கொண்டுவந்த ஆள். குமுறிக்கொண்டு வந்தது அழுகை, வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. ஏட்டு அவர் தோளில் கை வைக்கப்போய், மரியாதைக்காகப் பாதியில் எடுத்துக்கொண்டார். "அட்ட மேல படாமப் பாத்துக்குங்க சார்," என்றார் மெதுவாக, "மை கலைஞ்சுதுன்னா மறுபடி எழுதோணும்."